டிபிஎம் என்ன விலை? போர் வண்டி நின்ற தெருவிலிருந்து ஒரு பதில்

போன வாரம் காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. கம்ப்ரசர் சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். என் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டான்: "அண்ணே, இவங்க அடிக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்றாங்க. மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்ட வர்ற டிபிஎம் எந்திரத்துக்கு மட்டும் ஏன் ஒரு ரேட் இல்ல? ஒரு செய்தியில அறுபது கோடிங்கிறாங்க, இன்னொண்ணுல நூறு கோடி, அமெரிக்காவுல ஒண்ணு எட்டு கோடி டாலராம். எது நெசம்?"

மூன்றுமே நிஜமாக இருக்கலாம். சுரங்க ஒப்பந்த வேலையில் கொள்முதல் பக்கம் பல வருஷம் இருந்தவன் என்பதால், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் தோராயக் கணக்கு. நம் ஊர் மெட்ரோவுக்கு வரும் அளவு, அதாவது வெட்டும் விட்டம் ஆறரை மீட்டரை ஒட்டிய புது எந்திரம், 50 கோடியிலிருந்து 100 கோடிக்குள் இருக்கும். இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறதே என்றால், அதைத்தான் விளக்க வேண்டும்.

போர் வண்டிக்காரர் சொல்வதும் உண்மையில் ஒரே ரேட் இல்லை. முதல் சில நூறு அடிக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் கூடுதல், கேசிங் பைப் தனி. ஆனாலும் அவர் தைரியமாக ரேட் சொல்ல ஒரு காரணம் உண்டு. கம்பி சிக்கினால் உருவி எடுக்கலாம், பிட் மழுங்கினால் மேலே கொண்டுவந்து மாற்றலாம், ஒன்றும் சரிப்படாவிட்டால் வண்டியை நாலடி தள்ளி நிறுத்தி வேறு குழி போடலாம்.

டிபிஎம் அப்படிப் பின்னால் வர முடியாத எந்திரம். முன்னால் கட்டர்ஹெட், அதாவது வெட்டும் தலை, சுழன்று வெட்டிக்கொண்டு போகும். அதன் பின்னே இரும்பு உறை, அதைத்தான் ஷீல்டு என்கிறோம். அந்த உறைக்குள்ளேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்து, அந்த வளையத்தையே காலால் உதைத்துக்கொண்டு எந்திரம் முன்னேறும். உறைக்குள் கோத்ததால் வளையத்தின் வெளிவிட்டம் உறையைவிடச் சிறியது. சென்னை மெட்ரோவில் சுரங்கத்தின் உள்விட்டம் 5.8 மீட்டர். வெட்டும் தலை அதைவிட முக்கால் மீட்டருக்கு மேல் பெரியது. அது எந்த வழியாகத் திரும்பி வரும்? ஷாஃப்ட் என்கிற கிணற்றில் இறங்கினால் அடுத்த ஸ்டேஷனில்தான் வெளிச்சம் பார்க்கும். வழியில் தேவைப்படக்கூடியது எல்லாவற்றையும் உள்ளே போவதற்கு முன்பே பொருத்திக்கொண்டு போக வேண்டும். கொட்டேஷனில் இருக்கும் தொகையில் பெரும்பகுதி இந்த 'தேவைப்படக்கூடியது' என்ற வார்த்தைக்குக் கொடுக்கும் பணம்.

எல்லாரும் முதலில் கேட்பது விட்டம். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் வெட்டும் முகப்பின் பரப்பு நாலு மடங்கு. ஆனால் கட்டர்ஹெட்டைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும், அதாவது எட்டு மடங்கு. தம்பி சொன்ன அமெரிக்க எந்திரம் சியாட்டில் நகரத்தில் ஓடிய 'பெர்த்தா'. ஜப்பானின் ஹிட்டாச்சி சோசன் செய்தது, விட்டம் சுமார் 17.5 மீட்டர். நம் 6.6 மீட்டர் எந்திரத்தோடு ஒப்பிட்டால் முகப்பின் பரப்பு ஏழு மடங்கு, முறுக்குவிசைக் கணக்கு பதினெட்டு மடங்குக்கு மேல். மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் எல்லாம் அந்த அளவுக்குப் பெருக்க வேண்டும். அந்த அளவில் கடையில் கிடைக்கும் பாகம் எதுவும் இருக்காது. மும்பை கடற்கரைச் சாலைக்கு 2021-ல் இறங்கிய 'மாவளா' 12.19 மீட்டர். அதையும் மெட்ரோ எந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரே விட்டம் உள்ள இரண்டு எந்திரங்கள் ஏன் வேறு வேறு விலை? அங்கேதான் மண் வருகிறது.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் பகுதி மணலும் செம்புறாங்கல்லுமாக இருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் வடமேற்கே போனால் பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் பாறை தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடுவே ஒரு சுரங்கம் போடுவதாகச் சும்மா கற்பனை செய்தால், ஒரே எந்திரம் தண்ணீர் ஊறும் மணலிலும் போக வேண்டும், பிள்ளையார்பட்டிக் குடைவரையை உளியால் குடைந்தார்களே, அந்த ஜாதிப் பாறையிலும் போக வேண்டும். மணலில் போவதற்கு முகப்பை அழுத்தம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கணும், இல்லையென்றால் மேலே தெரு உள்வாங்கிவிடும். பாறையில் போவதற்குத் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை, நொறுக்கும் பலம்தான் வேண்டும். இரண்டையும் செய்யும் எந்திரம் கேட்டால் இரண்டுக்கும் காசு.

வெறும் பாறை மட்டும் என்றால், பாறைச் சுவரிலேயே கைகளை ஊன்றிக்கொண்டு முன்னேறும் திறந்த எந்திரம் போதும். களிமண், வண்டல் என்றால் வெட்டிய மண்ணையே முகப்பில் தேக்கி, அதன் அழுத்தத்தால் எதிர்மண்ணைத் தாங்கி, ஸ்க்ரூ கன்வேயரால் அளவோடு வெளியே எடுக்கும் வகை. இதை ஈபிபி என்பார்கள். தண்ணீர் ஓடும் மணலும் சரளையும் என்றால் ஸ்லரி வகை: பெண்டோனைட் என்ற களிமண் குழம்பை முகப்புக்கு அனுப்பி, மண்ணோடு சேர்த்துக் குழாய் வழியாக வெளியே இழுக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லரி எந்திரத்தின் விலையைப் பார்த்து "பரவாயில்லையே" என்று நினைப்பவர்கள், அந்தக் குழம்பிலிருந்து மண்ணைப் பிரிக்க மேலே நிறுத்த வேண்டிய பிளாண்ட்டை மறந்துவிடுவார்கள். நகரத்துக்கு நடுவில் அதற்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு.

சென்னையில் ஏன் கஷ்டம் என்றால், அண்ணா சாலைப் பக்கம் ஒரே முகப்பில் கீழே கெட்டிப் பாறையும் மேலே மணலும் சேர்ந்து வரும். கட்டர்ஹெட்டின் கீழ்ப்பாதி மலையை இடிக்கும், மேல்பாதி புட்டில் சுற்றுகிற மாதிரி சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அதில் பொருத்திய கட்டர்கள் மெத்தென்ற மண்ணிலிருந்து பாறையில் போய் மோதும். எந்திரம் செய்பவர் இந்த மண் அறிக்கையைப் பார்த்தவுடனே பென்சிலை எடுத்துவிடுவார்.

கட்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முகப்பில் கதவு அடிக்காமல் இருக்க ஒரு இரும்பு வளையம் கிடக்கிறது. வருபவர்கள் மாட்டுவண்டிச் சாமான் என்று நினைப்பார்கள். அது ஒரு டிஸ்க் கட்டரின் வளையம், 17 அங்குலம். ஒருவரால் தூக்கலாம், ஆனால் தூக்கியபின் அடுத்த முறை யோசிப்பார். பாறையை இது சுரண்டுவதில்லை. உருண்டுகொண்டே அழுத்தும். ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய அழுத்தம் சுமார் 25 டன். பக்கத்துப் பக்கத்தில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தடம் விழுந்தால், நடுவில் உள்ள பாறை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கருங்கல்லை வரிசையாகத் துளையிட்டு ஆப்பு அடித்துப் பிளப்பார்களே, ஏறக்குறைய அந்த வித்தை. ஒரு தலையில் நாற்பது கட்டர் என்றால் பாறையின்மேல் ஆயிரம் டன் உட்காருகிறது.

என் வீட்டு வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் அரிவாளால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். உருளாமல் நின்றுவிட்ட கட்டர் அது. பேரிங் இறுகியது, அல்லது கட்டரைச் சுற்றி மண் அடைத்துக்கொண்டது. சுற்றுவது நின்றதும் ஒரே இடத்தில் தேய்ந்தது. ஒன்று நின்றால் அதன் பாரம் பக்கத்துக் கட்டருக்குப் போகும், அதுவும் நிற்கும், அப்புறம் வரிசையாக.

அது வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். இரண்டு கொட்டேஷன் வந்தன. ஒன்று மற்றதைவிடக் கணிசமாகக் குறைவு. குறைந்ததில் கட்டர்ஹெட்டின் ஓரங்களுக்குத் தேய்மானத் தகடுகள் குறைவு, தேய்ந்தால் எச்சரிக்கும் சென்சார் இல்லை. "மண் அறிக்கையில் உருண்டைக்கல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, குறைந்ததையே எடுத்தோம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அறிக்கை பொய் சொல்லவில்லை. ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டிருந்தார்கள், கற்கள் இரண்டு துளைக்கு நடுவே இருந்தன. எந்திரம் முன்னேறும் வேகம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிட்டது. மேலே சாலையை அடைத்து, மண்ணுக்குள் கிரவுட் என்ற சிமெண்ட் குழம்பைச் செலுத்தி இறுக்கி, காற்றழுத்தம் கொடுத்து ஆட்களை முகப்புக்கு அனுப்பினோம். அழுத்தக் காற்றில் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும், வெளியே வரும்போது மெதுவாக அழுத்தத்தை இறக்கி வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். கட்டரை மாற்றியதும் ஓரத்தை வெல்டிங் வைத்ததுமாக மூன்று வாரம். சம்பளம், மின்சாரம், கிரேன் வாடகை, வங்கி வட்டி எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. மிச்சம் பிடித்த தொகை அந்த மூன்று வாரத்திலேயே போனது. வளையத்தை ஞாபகத்துக்கு எடுத்துவந்தேன்.

தண்ணீர் அழுத்தம் இன்னொரு பெரிய செலவினம். பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு 'பார்' அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் இரண்டு மூன்று பாரோடு தப்பிக்கலாம். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணைக்குக் கீழே யூரேசியா சுரங்கம் கடல்மட்டத்துக்கு 106 மீட்டர் ஆழம்வரை போனது. அங்கே சுமார் 11 பார். அந்த அழுத்தத்தில் ஆட்களை முகப்புக்கு அனுப்பிக் கட்டர் மாற்றுவது லேசான காரியமில்லை. அதனால் கட்டர்ஹெட்டின் கைகளையே உள்ளீடற்றதாகச் செய்து, ஆள் அதற்குள் நடந்து போய், சாதாரணக் காற்றில் நின்றபடியே கட்டரைப் பின்புறமாக உருவி மாற்றும்படி அமைத்தார்கள். மனிதன் நுழையும் அளவுக்குக் கையைப் பெரிதாக்கி, அதே நேரத்தில் பலமும் குறையாமல் வைத்தால் விலை எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சீல், வால் பகுதியில் கிரீஸ் நிரப்பும் பிரஷ் வரிசைகள், எல்லாமே அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும்.

எந்திரத்தின் உயிர் மெயின் பேரிங். கட்டர்ஹெட் முழுவதும் இதில்தான் உட்கார்ந்து சுற்றுகிறது. மெட்ரோ எந்திரத்திலேயே இதன் விட்டம் ஒரு அறை அகலம் இருக்கும். 10,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். உலகத்தில் இதைச் செய்பவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கணும். எந்திரம் கைக்கு வர ஒரு வருஷம் ஆகிறது என்றால் அதில் பேரிங்கின் பங்கு பெரியது. சீக்கிரம் வேண்டும் என்று கேட்பவருக்குத் தனி விலை.

சுரங்கத்துக்குள் இருக்கும்போது இது கெட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பெர்த்தாவே சாட்சி. 2013 டிசம்பரில் நின்றது. பேரிங்கின் சீல் சேதம். எந்திரத்துக்கு முன்னால் சுமார் 37 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு வெட்டி, 2015-ல் ஏறக்குறைய 2,000 டன் எடையுள்ள முன்பகுதியை மேலே தூக்கிச் சரி செய்தார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2015 டிசம்பர். முழுசாக இரண்டு வருஷம். நிற்பதற்குச் சில நாள் முன்பு அது ஒரு இரும்புக் குழாயில் மோதியிருந்தது. நிலத்தடி நீரை ஆராய 2002-ல் இறக்கிய கிணற்றுக் குழாய். ஆமாம் தம்பி, உங்கள் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டிருக்கிறதே, அந்த மாதிரி ஒரு கேசிங் பைப்தான். குழாய்தான் காரணம் என்றார் ஒப்பந்தக்காரர், இல்லை என்றது மாநில அரசு. 2019-ல் ஜூரி அரசின் பக்கம் நின்று, ஒப்பந்தக்காரர் 5.72 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எந்திரத்தின் விலை எட்டுக் கோடி என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

இமயமலையில் இதைவிட மோசம். தபோவன் விஷ்ணுகாட் மின்திட்டத்தில் 2009 டிசம்பரில் எந்திரம் நீரூற்றுப் பாறையில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டது. அதே உத்தரகாண்டில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதைக்கு 9.11 மீட்டர் 'சக்தி' 2025 ஏப்ரலில் 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்தில் தன் வேலையை முடித்து வெளியே வந்தது. மலை ஒன்றாக இருந்தாலும் இரண்டின் கணக்கும் வேறு. அதனால் "இமயமலைக்கு டிபிஎம் ஒத்துவராது" என்று சொல்பவர்களை நான் முழுதாக நம்புவதில்லை.

சந்தையைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் ஹெரன்க்நெக்ட், அமெரிக்காவின் ராபின்ஸ், ஜப்பானியர்கள் என்று இருந்த இடத்தில் சீன நிறுவனங்கள் வந்து விலையைக் கீழே இழுத்தன. ஹெரன்க்நெக்ட் சென்னைக்குப் பக்கத்திலும் தொழிற்சாலை வைத்திருக்கிறது, சீனாவிலும் வைத்திருக்கிறது. சீனாவில் செய்த ஜெர்மன் எந்திரத்தை இந்தியாவுக்கு அனுப்பச் சீனா விட மறுக்கிறது என்று 2024 அக்டோபரில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் அப்போதைய ஜெர்மன் அமைச்சர் ராபர்ட் ஹாபெக்கிடமே குறைப்பட்டுக்கொண்டார். எங்கே செய்தது என்பதும் விலைக்குள் வந்துவிட்டது. யூரோ ஏறினால் ஏறும், சுங்க வரி, கப்பல், துறைமுகத்திலிருந்து ராத்திரியில் மட்டும் நகரும் நீள லாரிகள், இறக்குவதற்குப் பெரிய கிரேன் என்று வாசல்வரை செலவு ஓடும். பணம் கொடுக்கும் முறையும் விலைதான்: ஆர்டரோடு எவ்வளவு, தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டியதும் எவ்வளவு, சுரங்கத்தில் சில நூறு மீட்டர் போனபின் எவ்வளவு. வட்டிக் கணக்கோடு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பழைய எந்திரம் வாங்கலாமா? வாங்கலாம், நிறையப் பேர் வாங்குகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூண், நிலை, கண்ணாடி எல்லாம் விற்பார்களே, அதே கண்தான் வேண்டும். தூணை வாங்கிவிடலாம், நம் வீட்டுக் கூரை உயரத்துக்கு அது பொருந்தணும். பல நகரங்களின் மெட்ரோ சுரங்கங்கள் 5.8 மீட்டர் உள்விட்டத்தை ஒட்டியே இருப்பதால் ஒரு நகரத்தில் ஓடியது இன்னொரு நகரத்துக்குப் போக முடிகிறது. உறையின் இரும்பு, மோட்டார்கள், எந்திரத்தின் பின்னால் இழுபட்டு வரும் கேன்ட்ரி என்ற சட்டங்கள் தேறும். சீல்கள் மாற்றியே ஆகணும், கட்டர்ஹெட் பெரும்பாலும் புதிது. மெயின் பேரிங் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேடு இல்லையென்றால் நான் நடையைக் கட்டிவிடுவேன். சில தயாரிப்பாளர்கள் வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே ஒரு தொகை எழுதிக் கொடுப்பார்கள். செய்தியில் வரும் விலையில் அது கழித்ததா கழிக்காததா என்று யாரும் சொல்வதில்லை.

தம்பி கேட்ட 'அறுபதா நூறா' என்பதற்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் வெறும் எந்திரத்தைச் சொல்வார். இன்னொருவர் கேன்ட்ரி, உதிரி கட்டர்கள், வளையத் துண்டு வார்க்கும் அச்சுகள், ஒரு வருஷத்துக்குத் தயாரிப்பாளரின் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்து "இவன் கொள்ளையடிக்கிறான்" என்று எழுதினால் எப்படி?

நான் பார்க்கச் சொல்வது மீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கை. 70 கோடி எந்திரம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்ப் படுத்தால் மீட்டருக்கு மூன்றரை லட்சம். அதையே திருப்பிப் போட்டு அதே நீள அடுத்த சுரங்கத்தையும் வெட்டினால் ஒன்றேமுக்கால் லட்சம். மும்பையில் மாவளா அப்படித்தான், ஒரு சுரங்கத்தை முடித்து, திருப்பி நிறுத்தி, இரண்டாவதையும் வெட்டியது. குறுகிய நீளத்துக்கு டிபிஎம் வாங்குவதே தப்பு. அங்கே வெடி வைத்தோ, வெட்டி மூடியோ போவதுதான் புத்தி.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது மணி நாலரை. எதிர்வீட்டில் தண்ணீர் பீய்ச்சியது, பெரியவர் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் பில் வந்தது. கேசிங் அறுபது அடி போதும் என்று பேசியிருந்தார்கள், மண் சரிந்துகொண்டே இருந்ததால் நூற்றுப்பத்து அடி இறங்கியிருந்தது. "அம்பது அடிக்கு நான் ஏம்பா குடுக்கணும்?" என்று பெரியவர் ஆரம்பித்தார். "மண்ணு அப்படி இருந்தா நான் என்னங்க ஐயா பண்றது?" என்றார் வண்டிக்காரர். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.